சாவ் தெல்மோ பங்கைக் கலைத்த வருஷம்

பங்கு ஆபீஸின் பலகையைக் கழற்ற நகரசபை ஆட்கள் இரண்டு பேர் ஏணியோடு வந்தபோது, இதலினா எதிர்ச்சந்தில் வீட்டு வாசலில் உட்கார்ந்து, ஒரே கயிற்றில் நூற்றுக்கணக்கில் கொக்கி தொங்கும் ஆயிரங்கால் தூண்டிலுக்கு இரை கோர்த்துக்கொண்டிருந்தாள். அக்டோபர் மாதம். தென்மேற்குக் காற்று மூன்று நாளாக அடித்ததில் ஒரு படகும் ஆற்றுவாயைத் தாண்டவில்லை. ஆனால் காற்று நின்ற மறுநிமிஷம் படகுக்காரன் கேட்பது தூண்டில் பெட்டியைத்தான். உப்பில் போட்ட சாளையை மூன்று துண்டாக வெட்டி, கொக்கியில் ஏற்றி, கயிற்றைச் சுருள் சுருளாகப் பெட்டிக்குள் அடுக்க வேண்டும். ஒரு கொக்கி பிசகினால் கடலில் முழுக் கயிறும் சிக்கிக்கொள்ளும். அறுபத்தொரு வயதில் அவள் விரல்களில் கொக்கி ஏறாத இடம் இல்லை.

பங்கின் கடைசித் தலைவர் பெலார்மினோ, வேலை மேலங்கியோடு தன் முடிவெட்டும் கடையிலிருந்து இறங்கி வந்து ஏணிக்குக் கீழே நின்றார்.

"பாத்துக் கழத்துங்கடே. அந்தப் பலகதான் செவரப் புடிச்சிட்டு நிக்கி."

ஏணியில் இருந்தவன் சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை.

பங்கு என்றால் அங்கே கோயிலை வைத்து வகுத்த சிறு ஊராட்சி. சாவ் தெல்மோ ஒன்றும் பெரிய பங்கு இல்லை. மூன்று தெரு, பதினேழு சந்து, ஒரு கோயில், ஒரு படகுத்துறை. ஒரு காலத்தில் மேட்டிலிருக்கும் கார்மோ பங்கோடு ஒட்டிக் கிடந்தது. காலரா வந்த வருஷம், கடற்கரைப் பிணங்களை எங்கள் கல்லறையில் புதைக்க விடமாட்டோம் என்று கார்மோக்காரர்கள் வாசலை அடைத்துக்கொண்டார்கள். பிணங்கள் இரண்டு நாள் வண்டியிலேயே கிடந்தனவாம். அந்தக் கோபத்தில் பிரிந்து வந்ததுதான் சாவ் தெல்மோ. முதலில் சாமியார் கையில் இருந்தது. ராஜா போய்க் குடியரசு வந்ததும் கோயில் தனி, பங்கு ஆபீஸ் தனி என்று ஆனது. சர்வாதிகாரி காலத்தில் ஏழ்மைச் சான்றும் நன்னடத்தைச் சான்றும் வாங்க, சாளை டின் கம்பெனிப் பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அந்த வாசலில் நின்றார்கள். புரட்சிக்குப் பிறகு ஓட்டுப் போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள். இப்போது, நாட்டுக்குக் கடன் கொடுத்தவர்கள் செலவைக் குறை என்று சொல்லிவிட்டார்களாம். லிஸ்பனில் ஒரு சட்டம் போட்டு ஆயிரத்துக்கு மேற்பட்ட பங்குகளை ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டிவிட்டார்கள். சாவ் தெல்மோ திரும்பவும் கார்மோவோடு போனது. யார் கல்லறைக் கதவைச் சாத்தினார்களோ அவர்கள் மேஜைக்கு முன்னாலேயே.

ஆபீஸில் இருபத்தாறு வருஷமாக இருந்த ஒரே எழுத்தர் அர்மிந்தா, பதிவேடுகளைப் பழப்பெட்டிகளில் அடுக்கி வெளியே கொண்டுவந்து வைத்தாள். பெட்டிகளின் மேல் மழைக்கு ஒரு தார்ப்பாய்.

"எல்லாத்தையும் எங்கட்டி கொண்டு போறாவ?" என்று கேட்டாள் இதலினா.

"கார்மோ சந்தைக்குக் கீழ ஒரு நெலவறை இருக்காம்க்கா. அங்கன போட்டுப் பூட்டுதாவளாம். எனக்கு மேல மாடியில, நாலாம் நம்பர் ஜன்னல்."

"ஒன் முத்திர?"

"வாங்கிட்டுப் போயிட்டாவ." அர்மிந்தா கையைத் துடைத்துக்கொண்டாள். "அபீலியோ அண்ணாச்சிக்கு இருமல் எப்பிடி இருக்கு?"

உள்ளேயிருந்து இருமல்தான் பதில் சொன்னது.

அபீலியோவுக்கு எழுபது. நாற்பத்தைந்து வருஷம் கடலில் இருந்தவர். கயிற்றுச் சந்து பதினோராம் எண் வீடு அவருடைய அப்பா கட்டியது. கீழே தூண்டில் கோர்க்கும் அறை, மேலே இரண்டு அறை. முதல் மனைவி ஓதெத் கைக்குழந்தையோடு பிரான்ஸுக்கு வீட்டுவேலைக்குப் போனவள் திரும்பவில்லை. விவாகரத்துக் காகிதம் தபாலில் வந்தது. அதற்கும் முன்பே, கம்பெனியில் டின் அடைத்துக்கொண்டிருந்த இதலினா ஒரு துணிமூட்டையோடு இந்த வீட்டுக்குள் வந்துவிட்டாள். அது ஆகிவிட்டது முப்பத்தொரு வருஷம். கலியாணம் கட்டவில்லை. "கட்டுனவ ஓடிட்டா. கட்டாதவ இருக்கட்டும்" என்பார் அபீலியோ. அதைக் கேட்டு அவள் ஒரு தடவை அகப்பையால் அடித்திருக்கிறாள்.

நவம்பர் இரண்டாம் வாரம் அவருக்கு மூச்சு இழுத்தது. ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் படிவத்தை வைத்துக்கொண்டு, "நீங்க இவருக்கு என்ன உறவு?" என்று கேட்டாள்.

"இவிய எங்க வீட்டு ஆளு."

"மனைவியா?"

"கட்டிக்கல."

நர்ஸ் ஒரு நிமிஷம் யோசித்து, 'அண்டைவீட்டார்' என்று எழுதினாள். இதலினா எழுத்துக் கூட்டிப் பார்த்தாள். அபீலியோவின் உதடு நீலம் பூத்துக்கொண்டிருந்த நேரத்தில் அதைத் திருத்தச் சொல்லத் தோன்றவில்லை. நான்காம் நாள் காலையில், முட்டைக்கோஸ் இலை போட்ட சூப்பைக் கரண்டியில் எடுத்து ஊட்டப் போனபோது அவர் வாய் திறக்கவில்லை.

அடக்கத்துக்குப் பிரான்ஸிலிருந்து மகள் க்ளாரிஸ் வந்தாள். முப்பத்தாறு வயது, அபீலியோவின் தாடை. கல்லறையில் அழவில்லை. முடிந்ததும் வீட்டுக்கு வந்து, மேலறையில் மாட்டியிருந்த அப்பாவின் எண்ணெய்த்துணிச் சட்டையைத் தொட்டுப் பார்த்தாள். அவளுடைய பேச்சில் அந்த ஊர் வாடை ஏறியிருந்தது.

"என்னப் பத்தி எப்பவாவது பேசுவாரா?"

பொய் சொல்லியிருக்கலாம். இதலினாவுக்கு வரவில்லை. "கிறிஸ்மஸுக்குப் பேசுவாவ. ஒனக்கு இப்ப எத்தன வயசு இருக்கும்னு கணக்குப் போடுவாவ. ஒரு வயசு கூட்டித்தான் சொல்லுவாவ எப்பவும்."

"ஒரு கடுதாசி போட்டிருக்கலாம்."

"போட்டிருக்கலாம்" என்றாள் இதலினா. "நானும் சொன்னேன். எழுத்து வராதுன்னு வெக்கம் அவியளுக்கு."

க்ளாரிஸ் தட்டிலிருந்த கணவாய்ப் பொரியலைத் தொடாமல் எழுந்து போனாள். பத்து நாளில் வக்கீலின் கடிதம் வந்தது. வீடு ஒரே வாரிசான மகளுக்கு உரியது. அங்கே தங்கியிருப்பவர் ஜனவரி கடைசிக்குள் காலி செய்ய வேண்டும்.

கடிதத்தைப் பெலார்மினோதான் கடையில் வைத்து வாசித்துச் சொன்னார். நாற்காலியில் பாதிச் சவரத்தில் ஒருவன் நுரையோடு காத்திருந்தான்.

"பயப்படாதட்டி. கட்டாம வாழ்ந்தாலும் கூடி வாழ்ந்தவளுக்குச் சட்டம் எடம் குடுக்கு. ஆளு செத்தாலும் நீ வீட்டுல இருக்கலாம். அஞ்சு வருஷம் எவனும் அசைக்க முடியாது. ஒங்க ரெண்டு பேருக்கும் முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் கூடவே இருக்கலாம். பென்சனும் உண்டு. பங்குலேருந்து ஒரு சான்று வாங்கணும், அம்புட்டுதான்."

"எந்தப் பங்குலேருந்து?"

பெலார்மினோ கத்தியை வாரில் தீட்டிக்கொண்டே நின்றார். "கார்மோவுக்குத்தான் போணும்."

கார்மோ ஆபீஸ் புதுசாக வெள்ளையடித்து இருந்தது. வாசலில் 'கார்மோ–சாவ் தெல்மோ ஒன்றியப் பங்கு' என்று கண்ணாடியில் எழுதியிருந்தார்கள். எண் சீட்டு எடுத்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாள். நாலாம் ஜன்னலில் அர்மிந்தா இருந்தாள், ஆனால் சீட்டு இழுத்துக்கொண்டு போனது இரண்டாம் ஜன்னலுக்கு. அங்கிருந்து செயலாளரின் அறைக்கு. இளவயசுக்காரர், மரியாதையாகத்தான் பேசினார்.

"தோனா இதலினா, கம்ப்யூட்டர்ல உங்க விலாசம் கார்மோ பங்குல காட்டுது. நகரசபைக் குடியிருப்பு, மூணாவது பிளாக். பொறந்ததுல இருந்து உங்க பேரு அங்கதான் இருக்கு, ஓட்டும் அங்கதான்."

"அது எங்க அம்மா வீடுய்யா. நான் பேர மாத்துனா, ஒத்த ஆளுக்கு ரெண்டு ரூம் எதுக்குன்னு ஒண்ண எடுத்துக்குவோம்னு நகரசபையில சொன்னாவ. அதான் மாத்தல. அம்மா போயி ஏழு வருஷமாச்சு. வீட்டத் திருப்பிக் குடுத்தாச்சு. எம் பேரு அங்கயே கெடக்கு."

"பதிவு அப்படிச் சொல்லலையே."

"சந்துல கேட்டுப் பாருங்க. ரெண்டு பேரு என்ன, இருவது பேரு சாட்சிக்கு வருவாவ."

"பதிவுக்கு எதிரா சாட்சி சொன்னா நான் எடுத்துக்க முடியாதும்மா. எதிர்த்தரப்புல வக்கீல் வேற இருக்காங்க. கோர்ட்டுக்குப் போங்க, ரெண்டு வருஷம் ஆகும்." எழுந்து நின்றவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். "இல்லன்னா, பழைய பங்கு எப்பவாவது நீங்க அங்க சேர்ந்து இருக்கீங்கன்னு எழுதிக் குடுத்திருந்தா கொண்டாங்க. பழைய பங்கோட காகிதம் இன்னைக்கும் செல்லும்."

அப்படி ஒரு காகிதம் இல்லை. கேட்டிருந்தால் எந்த நாளிலும் கிடைத்திருக்கும். எதிர்வீட்டு ஆபீஸில் போய், நான் இந்த வீட்டில்தான் இருக்கிறேன் என்று எழுதி வாங்க யாருக்குத் தோன்றும்?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அர்மிந்தா வந்தாள். கார்மோ மேட்டிலிருந்து மழையில் நடந்தே வந்திருக்கிறாள். குடையை வாசலில் சாய்த்துவிட்டு, கைப்பையிலிருந்து இரண்டு அட்டைக்கு நடுவே வைத்திருந்த எழுதாத ஒரு தாளை எடுத்தாள். மேலே படகும் மெழுகுவர்த்தியும் போட்ட சாவ் தெல்மோவின் சின்னம். கீழே மூலையில், முன்னமே குத்தி வைத்த முத்திரை.

"கடைசி நாளு மேஜ இழுப்பறையில மாட்டிக் கெடந்துச்சு. சாட்சியா இருக்கட்டும்னு எடுத்து வச்சேன். எதுக்குச் சாட்சின்னு அப்ப தெரியல."

"என்னட்டி செய்யப் போற?"

"செப்டம்பர் மாசத் தேதி போட்டு எழுதிருதேன். பெலார்மினோ அண்ணாச்சி கையெழுத்துப் போடுதேன்னுட்டாவ. அப்ப அவியதான தலைவரு."

இதலினா கொக்கியைக் கீழே வைத்தாள். "புடிச்சா?"

"யாரு புடிப்பா? புத்தகமெல்லாம் நெலவறையில கெடக்கு."

"ஒம் புருஷன் ரெண்டு வருஷமா படுக்கையில கெடக்காவ. ஒஞ் சம்பளத்துலதான் அந்த வீட்டுல அடுப்பெரியுது. வேண்டாம்ட்டி."

"அக்கா, நான் பொய்யா எழுதப் போறேன்? நீங்க இங்கன இருந்தியளா இல்லியா? தெனமும் காலையில ஜன்னலத் தொறந்தா நான் மொதல்ல பாக்குறது ஒங்க மொகத்தத்தான். இருவத்தாறு வருஷம். எனக்குத் தெரியாதது அந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரியுமோ?"

அதற்கு மேல் இதலினா மறுக்கவில்லை. மறுத்திருக்க வேண்டும் என்று பிற்பாடு பல நாள் நினைத்தாள். அந்த நேரத்தில், வீடு போகாது என்ற நினைப்பு மட்டும்தான் இருந்தது.

பங்கு ஆபீஸ் கழித்துப் போட்டதென்று வீட்டுக்குக் கொண்டுபோயிருந்த பழைய தட்டச்சு எந்திரத்தில் அர்மிந்தா அடித்தாள். ஒவ்வொரு சான்றுக்கும் பதிவேட்டில் ஓர் எண் உண்டு. பதிவேடு கையில் இல்லை. செப்டம்பர் நடுவில் எந்த எண் ஓடிக்கொண்டிருந்தது என்று கண்ணை மூடி யோசித்து, நூற்று எண்பத்தெட்டு என்று போட்டாள். பெலார்மினோ கடையில் கண்ணாடிக்கு முன்னால் நின்று கையெழுத்திட்டார். "இருவது வருஷத்துல நான் போட்ட கையெழுத்துலயே உண்மையானது இதுதாம்டே" என்றார்.

செயலாளர் தாளைப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், நகல் எடுத்து வக்கீலுக்கும் ஒன்று அனுப்பினார். ஜனவரி போனது. பிப்ரவரியும் போனது. வீட்டைக் காலி செய்யச் சொல்லி யாரும் வரவில்லை. காற்று திரும்பி, படகுகள் ஆற்றுவாயைத் தாண்டின. இதலினா நாளைக்கு மூன்று பெட்டி கோர்த்தாள். ஒரு நாள் கீழறைக்குச் சுண்ணாம்புகூட அடித்தாள்.

மார்ச் முதல் வாரம் வக்கீலின் ஆபீஸுக்கு வரச்சொல்லி ஆள் வந்தது.

வக்கீல் ஒரு பெண், குரல் உயர்த்தாதவள். ஜன்னலோரம் க்ளாரிஸ் உட்கார்ந்திருந்தாள். மேஜையில் இரண்டு தாள். ஒன்று அர்மிந்தா எழுதிய சான்று. மற்றது பதிவேட்டின் ஒரு பக்கத்து நகல்.

"நிலவறையத் திறக்கச் சொல்லி மனுப் போட்டேன்" என்றாள் வக்கீல். "நீங்க குடுத்த சான்றோட எண் நூத்தி எண்பத்தெட்டு. பதிவேட்டுல அந்த எண்ல இருக்கிறது நாய் லைசென்ஸ். பேரு பிலோட்டோ. ஆண் நாய், கறுப்பு வெள்ளை. வலை பின்னுற ஒருத்தரோடது."

இதலினாவுக்கு அந்த நாயைத் தெரியும். மீன் தலைக்காகத் தினமும் வாசலுக்கு வரும்.

"இத யார் எழுதுனாங்கன்னு எனக்குத் தெரியும். அந்த எந்திரத்துல 'ஏ' எழுத்து மேல தூக்கி விழும். பழைய பங்கோட காகிதம் எல்லாத்துலயும் அப்படித்தான். நகல் எடுத்துக் குடுத்தவனுக்கு எதுக்குன்னு தெரியாது. செயலாளருக்கும் இன்னும் தெரியாது. நான் சொன்னா அந்த அம்மாவுக்கு வேலை போகும். ஜெயிலும் வரலாம். முன்னாள் தலைவருக்கும்தான்."

வக்கீல் மூன்றாவதாக ஒரு தாளை நகர்த்தினாள்.

"இதுல கையெழுத்துப் போட்டீங்கன்னா இந்த ரெண்டும் இந்த அறைய விட்டு வெளிய போகாது."

"வாசிச்சுச் சொல்லுங்க."

வாசித்தாள். இதலினா என்கிற நான், கயிற்றுச் சந்து பதினோராம் எண் வீட்டில் ஒருபோதும் குடியிருந்ததில்லை. வேலை நிமித்தமாகப் பகலில் வந்துபோனதுண்டு. இறந்தவரோடு எனக்கு வேறு எந்தத் தொடர்பும் இருந்ததில்லை. என் நிரந்தர இருப்பிடம் எப்போதும் கார்மோ பங்கிலேயே இருந்துவந்தது.

இதலினா க்ளாரிஸைப் பார்த்தாள். "நீ வந்தியே. மேல ஏறிப் பாத்தியே. கட்டில்ல ரெண்டு தலவாணி கெடந்துச்சே."

"பார்த்தேன்" என்றாள் க்ளாரிஸ். அவள் கண் கலங்கியிருந்தது; குரல் கலங்கவில்லை. "நீங்க அங்க இருந்தீங்கன்னு எனக்குத் தெரியும். ஒவ்வொரு ராத்திரியும் சாப்பாடு போட்டீங்கன்னு தெரியும். எங்க அம்மா அடுத்தவங்க வீட்டு மாடிப்படியக் கழுவிக் கழுவி முட்டி தேஞ்சு செத்தா. எனக்கு அவர்கிட்ட இருந்து வர்றது இந்த வீடு ஒண்ணுதான். என் புருஷனுக்கும் வேலை போயிருச்சு. உங்க மேல எனக்குக் கோபம் இல்ல. ஆனா வீடு வேணும்."

"அதுக்கு நான் இல்லவே இல்லன்னு எழுதணுமா?"

க்ளாரிஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இதலினா ஒரு நாள் தவணை கேட்டாள். நேராக அர்மிந்தாவின் வீட்டுக்குப் போனாள். விஷயத்தைக் கேட்டதும் அர்மிந்தா சமையல்கட்டுச் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளறையில் கணவர் தண்ணீர் கேட்டார். இதலினாதான் கொண்டுபோய்க் கொடுத்தாள். தலையைத் தூக்கிப் பிடித்து, ஒவ்வொரு மிடறாக.

"கையெழுத்துப் போடாதியக்கா" என்றாள் அர்மிந்தா, அவள் திரும்பி வந்ததும். "நாளைக்கு நானே போயி உண்மையச் சொல்லிருதேன்."

"எந்த உண்மைய? நீ எழுதுனதுதாம்ட்டி உண்ம. தேதிதான் பொய்யி."

"நான் பாத்துக்கிடுதேன்."

"என்னத்தப் பாத்துக்கிடுவ? அந்த மனுசனுக்கு யாரு தண்ணி குடுப்பா?" இதலினா முக்காட்டை இறுக்கினாள். "எனக்கு யாரும் இல்ல. வீடுதான. தூண்டில் எங்கன இருந்தும் கோக்கலாம்."

சொல்லும்போது சுலபமாக இருந்தது. மறுநாள் வக்கீலின் மேஜையில் பேனாவைப் பிடித்தாள். 'ஒருபோதும்' என்ற சொல்லின் மேலேயே கண் நின்றது. முதல் மழைக்கு ஒழுகிய கூரைக்கு அபீலியோவும் அவளும் சேர்ந்து ஓடு மாற்றியது. குழந்தை தங்காமல் போன வருஷம் அவர் கடலுக்குப் போகாமல் எட்டு நாள் படி மேலேயே உட்கார்ந்திருந்தது. பாலில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டு உறிஞ்சிக் குடிக்கும் அந்தச் சத்தம். வக்கீல் அவசரப்படுத்தவில்லை. இதலினா மெதுவாக, கம்பெனிப் பள்ளியில் கற்றுக்கொடுத்தபடி, எழுத்துக் கூட்டித் தன் பேரை எழுதினாள்.

வீட்டைவிட்டு இறங்கிய அன்று சந்து முழுக்கக் கதவைத் திறந்துகொண்டு நின்றது. யாருக்கும் காரணம் தெரியாது, அவளும் சொல்லவில்லை. "போராடாம விட்டுட்டாளே" என்று ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது. பெலார்மினோ மட்டும் கடைக்குள் நின்றுகொண்டு வெளியே வரவில்லை. கட்டிலை விட்டுவிட்டாள். துணிமூட்டை, அகப்பை, இரண்டு தூண்டில் பெட்டி. அபீலியோவின் எண்ணெய்த்துணிச் சட்டையை எடுக்கக் கை போனது. வேலைக்காரிக்கு அது எதற்கு என்று நாளைக்குக் கேள்வி வரும். ஆணியிலேயே விட்டுவிட்டு இறங்கினாள்.

கார்மோ மேட்டில், ஒரு ரொட்டிக்கடைக்குப் பின்னால் ஓர் அறை கிடைத்தது. ஜன்னலைத் திறந்தால் மாவு மூட்டை. கடல் தெரியாது; காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரிந்துகொள்ளத் தெருவுக்கு வர வேண்டும். ஏப்ரலில் கொக்கி ஏறிய விரல் சீழ்பிடித்து வீங்கியது. சுகாதார நிலையத்தில் பழைய பிளாக் விலாசம் செல்லாது, புது விலாசத்துக்குப் பங்கிலிருந்து குடியிருப்புச் சான்று வேண்டும் என்றார்கள்.

கார்மோ ஆபீஸில் சீட்டு எடுத்தாள். இந்தத் தடவை நாலாம் ஜன்னல் வந்தது.

அர்மிந்தாவின் தலை பாதி நரைத்திருந்தது. அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு உடனே கம்ப்யூட்டர் பக்கம் குனிந்துகொண்டாள். பின்னால் செயலாளர் நின்று யாருடனோ பேசிக்கொண்டிருந்தார்.

"முழுப் பேரு?"

சொன்னாள்.

"கலியாணம் ஆனவங்களா?"

"ஆகாதவன்னு போடு."

விசைகள் தட்டும் சத்தம். கதவு எண் மட்டும் மாறியது. இயந்திரம் தாளைத் துப்பியது. விண்ணப்பக்காரருக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. அர்மிந்தா வாசித்தாள்.

"...மேற்படியார் பிறந்தது முதல் இன்று வரை கார்மோவில் தொடர்ந்து குடியிருந்து வருகிறார் என்று இந்த ஒன்றியப் பங்கு சான்றளிக்கிறது."

முத்திரை விழுந்தது. மொத்தம் இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

"இதுக்குச் சாட்சி யாரும் வேண்டாமா?" என்று கேட்டாள் இதலினா.

"வேண்டாம்க்கா" என்றாள் அர்மிந்தா, தலையைத் தூக்காமல்.